கோச்சபம்பா தண்ணீர்: கேள்வி பதில்

ஆலன் ஸ்னிட்டோவும் டெபோரா காஃப்மனும் இயக்கிய ‘தர்ஸ்ட்’ (2004) ஆவணப்படம் பொலிவியாவின் கோச்சபம்பா, அமெரிக்காவின் ஸ்டாக்டன், இந்தியாவின் ராஜஸ்தான் ஆகிய மூன்று இடங்களின் தண்ணீர்ப் பிரச்சினையைக் காட்டுகிறது. படம் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுள் பெரும்பாலானவை கோச்சபம்பாவைப் பற்றியவை. அந்நகரின் குடிநீர் வழங்கலை அரசு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது; மக்கள் போராடியதால் அந்த ஒப்பந்தம் ரத்தானது.

கேள்வி: ஐயா, கட்டண உயர்வுக்காகவா ஒரு நகரமே தெருவில் இறங்கியது?

பதில்: 2000 ஜனவரியில் பில் கைக்கு வந்ததும் கோபம் வெடித்தது உண்மைதான். சராசரி உயர்வு 35 சதவீதம் என்றது நிறுவனம். பில் இரட்டிப்பான வீடுகளும் இருந்தன. ஆனால் போராட்டத்தில் முன்னின்ற உழவர்களும் நகரின் தெற்குப் பகுதி மக்களும் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்களே அல்லர். ஊர் கூடித் தோண்டிய கிணறுகளையும், முறை வைத்துப் பாய்ச்சிய வாய்க்கால்களையும் நம்பியிருந்தவர்கள் அவர்கள். 1999 அக்டோபரில் நிறைவேறிய 2029ஆம் எண் சட்டம், உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அதன் எல்லைக்குள் தனியுரிமை அளித்ததால், தாங்கள் வெட்டிய கிணற்றுக்கே மீட்டர் வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காரணம் நிறுவனத்தின் பேராசைதானே?

பதில்: அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் கையெழுத்திட்ட அரசு தப்பித்துக்கொள்ளும். ஏலத்துக்கு வந்தது ஒரே நிறுவனம். அமெரிக்கக் கட்டுமான நிறுவனமான பெக்டெலின் துணை நிறுவனம் தலைமையேற்ற ‘அகுவாஸ் டெல் துனாரி’. அதனுடன் செய்துகொண்ட 40 ஆண்டு ஒப்பந்தம் குறைந்தது 15 சதவீத வருவாய்க்கு உறுதியளித்தது. நகராட்சி நீர் நிறுவனமான செமாபாவின் பழைய கடனும், மிசிகுனி அணைத் திட்டத்தின் செலவும் அதே கட்டணத்தின் தலையில் ஏற்றப்பட்டன. உயர்வின் சுமையைக் குறைக்க மானியம் தரக் கூடாது என்று உலக வங்கியின் 1999 ஜூன் அறிக்கை வேறு கூறியிருந்தது. இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பிறகு, நல்ல மனிதர் ஒருவர் நிர்வகித்திருந்தாலும் பில் உயர்ந்தே இருக்கும்.

கேள்வி: ஒப்பந்தம் ரத்தான பின் நிறுவனம் நட்டஈடு வாங்கியதா?

பதில்: இல்லை. 2000 ஏப்ரல் 8 அன்று பொலிவிய அதிபர் பான்சர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அன்றே 17 வயது இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் ஒப்பந்தம் ரத்தானது. தன் பதிவை 1999 இறுதியிலேயே கேமன் தீவுகளிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றியிருந்த நிறுவனம், அந்நாட்டுக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, குறைந்தது 2.5 கோடி டாலர் கேட்டு உலக வங்கிக் குழுமத்தின் தீர்ப்பாயத்துக்குப் போனது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2006 ஜனவரியில், அடையாளமாக 2 பொலிவியானோவுக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. (ஒரு தேநீருக்குக்கூடப் போதாத தொகை.)

கேள்வி: ஸ்டாக்டன் என்னவாயிற்று?

பதில்: நகரின் தண்ணீர் நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க 2003இல் செய்த 20 ஆண்டு ஒப்பந்தம், சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தப்படவில்லை என்று தொடுத்த வழக்கால் நிலைக்கவில்லை. 2008இல் நகராட்சியே பொறுப்பைத் திரும்ப ஏற்றது.

கேள்வி: கோச்சபம்பாவில் அதன் பின் எல்லோருக்கும் தண்ணீர் கிடைத்ததா?

பதில்: படம் காட்டாத பகுதி இதுதான். செமாபா மக்கள் கைக்குத் திரும்பியது. கசிவும் ஊழல் புகார்களும் உடன் வந்தன. மிசிகுனி அணை 2017இல்தான் திறக்கப்பட்டது. போராட்டத்தில் முன்னின்ற தெற்குப் பகுதியினரில் பலர், அதன் பிறகும் பல ஆண்டுகள், குழாய் வைத்திருப்பவர்களைவிட அதிக விலை கொடுத்து லாரித் தண்ணீரையே வாங்கினார்கள்.