பிளாஸ்டிக் மாடல் விமானம், டாங்கி போன்றவற்றின் பாகங்களில் பெயின்ட் ஒட்டவில்லையா?

கேள்வி: மாடல் கிட் பெட்டியை இப்போதுதான் பிரித்தேன். பாகங்கள் பளிச்சென்று இருக்கின்றன. இவற்றையும் கழுவ வேண்டுமா?

பதில்: கழுவிவிடுங்கள். உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி இவற்றை வார்க்கிறார்கள். பாகம் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர, சிலர் வழுக்குப் பூச்சு ஒன்றைப் பயன்படுத்துவதுண்டு. அதன் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்தால்தான் புரியும். பாகங்கள் இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டாமல், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். வெட்டிவிட்டுக் கழுவினால் பொடிப் பாகங்கள் தண்ணீரோடு போய்விடும். கொதிநீர் கூடாது, ஆன்டெனா, துப்பாக்கிக் குழல் போன்ற மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். அலசிய பின் காற்றில் உலரட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, தூசியை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கழுவிய பிறகுதான் ஒட்டினேன். ஆனாலும் இறக்கையின் ஓரத்தில் மட்டும் அக்ரிலிக் பெயின்ட் திட்டுத்திட்டாக விலகுகிறது.

பதில்: இறக்கையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருப்பீர்கள். என் அனுபவத்தில் அச்சுப் பூச்சைவிட விரல் பிசுக்குதான் அதிகம் கெடுக்கிறது. நீர் கலக்கும் அக்ரிலிக் பிசுக்கின் மேல் பிடிக்காது. ஒட்டும் வேலை முழுவதும் முடிந்த பின், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பிசிறு உதிராத துணியால் ஒருமுறை துடையுங்கள். மாடலின் உடலில் செதுக்கியுள்ள கோடுகளுக்குள் உப்புத்தாள் தூள் அடைந்திருக்கும்; அதைத் தூரிகையால் கிளறி எடுங்கள். அதற்கு மேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஆல்கஹாலுக்குப் பதில் நெயில் பாலிஷ் ரிமூவர்?

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும்; பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். விமானி அறையின் கண்ணாடிப் பாகத்துக்கு ஆல்கஹாலும் வேண்டாம், சோப்பு நீரே போதும்.

கேள்வி: ரெசின் பாகங்களுக்கும் இதே முறைதானா?

பதில்: முறை அதுவே, ஆனால் அச்சுப் பூச்சின் பிசுக்கு அதிகம். சோப்பு நீரில் ஊறவைத்து இரண்டு முறை தேய்த்து, பிறகு ப்ரைமர் (பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடியுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதனால் ஈர உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன.

பதில்: ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள்.