சோக் போட்டால் ஓடும் ஜெனரேட்டர், சோக்கை எடுத்தால் ஏன் நின்றுவிடுகிறது?

சோக் என்பது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்று வழியை மறிக்கும் மூடி. அதை எடுத்ததும் இன்ஜின் நிற்பது, பல மாதம் சும்மா கிடந்த பெட்ரோல் ஜெனரேட்டரில் அடிக்கடி வரும் கோளாறு. பெரும்பாலும் காரணம் மெயின் ஜெட் அடைப்புதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள், பெட்ரோலை அளந்து விடும் ஊசித்துளை கொண்ட சிறு பித்தளைத் திருகுதான் ஜெட். தேங்கிய பெட்ரோல் ஆவியானதும் மிஞ்சும் பிசின் அந்தத் துளையில் படிந்துவிடும். சோக் காற்றை மறிப்பதால் உறிஞ்சும் விசை கூடி, குறுகிய துளை வழியாகவும் போதுமான பெட்ரோல் ஏறும். இளநீர் ஸ்ட்ராவில் வழுக்கை சிக்கினால் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறதே, அது போலத்தான்.

இன்ஜின் ஆறியபின், வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் வேலையைத் தொடங்குங்கள். டாங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் வால்வை (பெட்ரோல் காக்) மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டை (பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர்) கழற்றி, பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். நடுவில் இருக்கும் ஜெட்டைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து எடுங்கள். ஊசியால் குத்தவே கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, டாங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

ஜெனரேட்டரை உபயோகிக்காமல் எடுத்து வைக்கும்போது பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கிண்ணம் காலியாகிவிடும்.

வேகம் குறைவதுதான் கோளாறு என்று நினைத்துப் பலர் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைத் திருப்புகிறார்கள். இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண வகையில் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று தேவை, அதைத் தாண்டினால் வோல்டேஜும் எகிறி, மாட்டியிருக்கும் ஃபிரிட்ஜும் டிவியும் பழுதாகலாம்.