மூன்றாம் ஃபிரெடரிக்கின் பட்டயங்கள்: கேள்வி பதில்

புனித ரோமானியப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கின் பட்டயங்கள், அதாவது அவர் முத்திரையிட்டுக் கொடுத்த ஆவணங்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டுவிட்டீர்கள். ஆளைத் தெரியாதவர்களுக்கு: 1440-ல் அரசராகத் தேர்வானவர், 1452-ல் ரோமில் போப்பின் கையால் பேரரசராக முடிசூடியவர், 1493-ல் லின்ஸ் நகரில் இறந்தவர். ரோமில் முடிசூடிய கடைசிப் பேரரசர் இவர்தான். போர், நாணயம், நகை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். எனக்குத் தெரிந்தது பட்டயம் எழுதிய தோலும் தாளும் முத்திரையும்தான்.

கேள்வி (முதுகலை மாணவி): இவருடைய ஆட்சியை ஆய்வு செய்ய வியன்னா ஆவணக் காப்பகத்துக்குப் போனால் போதுமா சார்?

போதாதும்மா. உங்கள் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? எழுதிக் கொடுத்தவரிடமா, வாங்கிய உங்கள் பீரோவிலா? பட்டயமும் அப்படித்தான். பேரரசர் நியூரம்பெர்க் நகரத்துக்கு ஒரு சலுகை கொடுத்தால் அந்தத் தோல் நியூரம்பெர்க்கில் கிடக்கும், மடத்துக்குக் கொடுத்தால் மடத்தில். வியன்னாவில் இருப்பது பெரும்பாலும் பதிவேடுகள். வெளியே போன எல்லாமே அந்தப் பதிவேட்டில் ஏறியதும் இல்லை.

யோசெஃப் ஹ்மெல் என்ற பாதிரியார் வியன்னா காப்பகத்தில் உட்கார்ந்து 1838-லிருந்து 1840-க்குள் ஏறக்குறைய 9,000 ஆவணங்களுக்குச் சுருக்கம் எழுதி அச்சிட்டார். தனி மனிதர் செய்த வேலை என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அது வியன்னாவின் சன்னலிலிருந்து தெரிந்த பேரரசு. பின்னாளில் ஹைன்ரிஷ் கொல்லர் என்ற வரலாற்றாய்வாளர் வந்து வேலையைத் தலைகீழாகத் திருப்பினார். பேரரசர் இருந்த ஊரை விட்டுவிட்டு, வாங்கியவர்களின் ஊர் ஊராகப் போய் எடுப்போம் என்றார். 1982-லிருந்து வட்டாரத்துக்கு ஒரு தொகுதி என்று வந்துகொண்டிருக்கிறது. அதனால் தொகுதிகள் கால வரிசையில் இருக்காது. ஒரே ஆண்டைப் பார்க்க முன்பெல்லாம் பத்துப் பதினைந்து புத்தகங்களை மேசையில் பரப்ப வேண்டும். இப்போது பேரரசர்களின் ஆவணச் சுருக்கங்களைத் தொகுக்கும் ரெகெஸ்டா இம்பெரீ இணையதளத்தில் தேதி போட்டுத் தேடலாம்.

இன்று பல முறை சொல்லப்போகும் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணாதீர்கள். ஒரு வட்டாரத்தில் 400 ஆவணம், இன்னொன்றில் 40 என்றால் பேரரசர் முதலாவதைப் பத்து மடங்கு கவனித்தார் என்று பொருளில்லை. ஓரிடத்தில் தீ பிடிக்கவில்லை என்று மட்டும்கூட இருக்கலாம். 2009 மார்ச் 3-ல் கொலோன் நகரக் காப்பகம் இடிந்து விழுந்தது. பெரும்பகுதியை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தார்கள். எடுக்க முடியாமல் போயிருந்தால், நூறு வருடம் கழித்து வருகிற ஒருவர் "கொலோனோடு இவருக்கு உறவே இல்லை" என்று கட்டுரை எழுதியிருப்பார்.

கேள்வி: ஏ-இ-ஐ-ஓ-யூ என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்தாரே, அதற்கு என்ன அர்த்தம்?

ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். 1437-ல் தொடங்கிய அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. விளக்கம் ஆளுக்கு ஒன்று. அடுத்தது.

கேள்வி: "பேரரசின் தூங்குமூஞ்சி" என்று இவரைக் கேலி செய்வார்கள். பட்டயங்களும் அதைத்தான் காட்டுகின்றனவா?

1444-க்குப் பிறகு 1471-ல் ரேகன்ஸ்பூர்க் நகரில் கூடிய பேரரசுச் சபைக்கு வரும்வரை 27 ஆண்டுகள் ஜெர்மனியின் உட்பகுதிகளுக்குள் அவர் போகவில்லை. அது உண்மை. ஆனால் தன் ஆஸ்திரிய ஊர்களான கிராட்ஸிலும் வீனர் நொய்ஷ்டாட்டிலும் உட்கார்ந்தபடியே பட்டயம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இவர் போகவில்லை, ஊர்கள் இவரைத் தேடி ஆள் அனுப்பின.

இதை வைத்து உடனே "சுறுசுறுப்பானவர்" என்றும் எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான பட்டயங்கள் கேட்டவருக்குக் கேட்டபடி, கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தவை. பட்டயங்களை எழுதிக் கொடுத்த அலுவலகத்தின், அதாவது எழுத்தகத்தின், 1471 முதல் 1475 வரைக்கான கட்டணப் பேரேடு தப்பிப் பிழைத்திருக்கிறது, அச்சிலும் உண்டு. எதற்கு எவ்வளவு வசூல் என்று அதில் படித்தால், பேரரசரின் கொள்கை என்று நாம் நினைத்தது பாதி மனுதாரரின் தேவை என்று புரியும்.

கேள்வி: பட்டயத்தின் கீழே வலப்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அது எழுத்தகக் குறிப்பு. "ஆட் மாண்டாட்டும் டோமினி இம்பெராட்டோரிஸ்", அதாவது பேரரசரின் ஆணைப்படி. சிலவற்றில் "கொமிஸ்ஸியோ டோமினி இம்பெராட்டோரிஸ் ப்ரோப்ரியா", பேரரசரே நேரில் இட்ட ஆணை. தொங்கும் முத்திரை உள்ள பட்டயத்தில் அடி மடிப்பின் மேல் பாருங்கள். கூடவே அதிகாரியின் பெயர் இருந்தால், யார் கையில் விஷயம் ஓடியது என்று பிடித்துவிடலாம். தோலைத் திருப்பினால் பின்பக்கம் பதிவானதற்கான குறி இருக்கும். படம் எடுப்பவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"ப்ரோப்ரியா" என்று இருப்பதாலேயே அவர் மனம் தெரிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதுவும் எழுத்தகத்துக்குப் பழகிப்போன வாசகமே.

கேள்வி: தேதியை எப்படிச் சரிபார்ப்பது?

1459-க்குப் பிறகு மூன்று ஆட்சியாண்டுகள் சேர்ந்து வரும்: ரோமானிய அரசராக, பேரரசராக, ஹங்கேரி அரசராக. 1475 கோடையில் 36, 24, 17. ஒன்று பொருந்தாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். இவர்களுக்குப் புத்தாண்டு டிசம்பர் 25-ல். அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை தேதியிட்டவற்றில் ஓர் ஆண்டு குறைக்காமல் ஆய்வேடு சமர்ப்பித்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவன் நான்.

கேள்வி (வக்கீல் நண்பர்): ஆஸ்திரியக் குடும்பமே கள்ளப் பத்திரத்தில் பிழைத்தது என்கிறார்களே. அப்படிப்பட்ட ஆவணத்தை வைத்து என்ன வரலாறு எழுத முடியும்?

ஃபிரெடரிக் பிறந்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் "பிரிவிலேகியும் மாயுஸ்" என்ற போலிச் சலுகைப் பட்டயங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். 1356-ன் பொன் ஆணை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழு பேருக்குக் கொடுத்தபோது ஆஸ்திரியாவை விட்டுவிட்டது. கோபப்பட்ட அந்தக் குடும்பத்து டியூக் நான்காம் ருடால்ஃப் 1358–59-ல் ஐந்து பட்டயங்களைத் தயாரித்தார். அதில் ஒன்றுக்குள் ஜூலியஸ் சீசரும் நீரோவும் எழுதிய கடிதங்களாம்! அன்றைய பேரரசர் நான்காம் சார்ல்ஸ் அவற்றைக் கவிஞர் பெட்ரார்க்கிடம் அனுப்பினார். சீசர் தன்னை "நாம்" என்று எழுதமாட்டார், "அகஸ்டஸ்" என்ற பட்டமும் அவருக்குக் கிடையாது என்று 1361-ல் பெட்ரார்க் கிழித்துப் போட்டார். சார்ல்ஸ் உறுதிப்படுத்தவில்லை. ஃபிரெடரிக் 1442-ல் அரசராகவும், 1453 ஜனவரி 6-ல் பேரரசராகவும் உறுதிப்படுத்தினார்.

வக்கீல் நண்பர்: அப்போது சார்பதிவாளரே தன் குடும்பத்துக் கள்ளப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டார். மூலமே போலி என்றால் ஆதியிலிருந்தே செல்லாது!

உங்கள் நீதிமன்றத்தில் செல்லாது. 1453-ன் பட்டயம் போலியில்லையே சார்? முத்திரை அசல், எழுத்தகம் அசல், கொடுத்தவர் உண்மையான பேரரசர். அதற்குப் பிறகு அது பேரரசின் சட்டம். டியூக்கைவிட உயர்ந்த "ஆர்ச்டியூக்" பட்டம் அந்தக் கற்பனையிலிருந்து வந்ததுதான். போலி என்று வரலாற்றாய்வாளர் வாட்டன்பாக் 1852-ல் அறிவியல் முறையில் நிறுவியபோது பேரரசே கலைந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வக்கீல் நண்பர்: தெரிந்தே செய்தாரா?

அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க ஆவணம் இல்லை. பெட்ரார்க்கின் கடிதம் 90 ஆண்டு பழையது. ஆனால் பாருங்கள், 1358-ன் போலி ருடால்ஃபின் ஆசையைச் சொல்கிறது, 1453-ன் அசல் ஃபிரெடரிக்கின் தேவையைச் சொல்கிறது. போலிகூடச் சாட்சிதான், எந்த ஆண்டுக்குச் சாட்சி என்பதில்தான் கவனம் வேண்டும்.

இன்னொருவர்: வக்கீல் சொல்வதே சரி. கள்ளம் கள்ளம்தான்.

இதற்கு மட்டும் பதினாறு பதில்கள் வந்திருக்கின்றன. வக்கீலும் நீங்களும் ஒரு தனி அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விஜயநகரச் செப்பேடுகளும் இப்படித்தானா?

என் துறையில்லை. கல்வெட்டு ஆய்வாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: வியன்னாவுக்குப் போனால் எல்லாம் கிடைக்குமா?

முதல் பதில்.

கேள்வி: மொத்தம் எத்தனை பட்டயம் கொடுத்தார் என்று ஒரு எண் சொல்லுங்களேன்.

எண்ணாதீர்கள் என்றேன்.

கேள்வி: லத்தீன் தெரியாமல் தொடங்கலாமா?

தாராளமாக. இவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி ஜெர்மன். ஒரு சிறு நகரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொனாஸ்டேரியும் என்ற இணையதளத்தில் பட்டயங்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்பக்கப் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.