பழைய கட்டடம் ஒன்று மேசன் லாட்ஜாக இருந்ததா என்று எப்படி அறிவது?

திருகோணமலையில் உங்கள் மாமா வாங்கிய பழைய வீட்டின் முகப்பில் பெரிய தூண்கள் இருக்கின்றன, அது மேசன் லாட்ஜாக, அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பினர் சடங்குகளுக்காகக் கூடும் இடமாக, இருந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்களை நம்பாதீர்கள். உயர்ந்த விறாந்தையும் தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் நம் ஊர் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை.

உள்ளே போய்ப் பாருங்கள். லாட்ஜின் கூடம் வழக்கமாகக் கிழக்கு மேற்காக நீளும் செவ்வகம். தலைவரின் ஆசனம் கிழக்கே, படிகள் வைத்த மேடையில் இருக்கும். அவருக்கு அடுத்த நிலையிலுள்ள இருவர் மேற்கிலும் தெற்கிலும் அமர்வார்கள். சூரியன் உதிக்கும், மறையும், உச்சியில் நிற்கும் நிலைகளை அந்த மூன்று ஆசனங்களும் குறிக்கின்றன. எவ்வளவு அழகான திட்டம்! நடுவில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் பதித்த தளம். விவிலியத்தில் வரும் சாலொமோன் மன்னரின் ஆலயத்து யாகீன், போவாஸ் தூண்களை நினைவூட்டும் இரு தூண்கள் பல லாட்ஜுகளில் உண்டு. சடங்கு வெளியே தெரியக் கூடாது என்பதால் சன்னல்கள் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். மூலைமட்டமும் கவராயமும் பின்னிய சின்னம் கிடைத்தால் ஐயம் பெருமளவு தீரும்.

ஆனால் நம்முடையது படை நகரம். பிரித்தானியர் 1795இல் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவுகளுக்கு, கூடவே எடுத்துச் செல்லும் அனுமதிப் பத்திரத்துடன் லாட்ஜ் நடத்தும் வழக்கம் இருந்தது. அயர்லாந்து லாட்ஜுகளின் தலைமை அமைப்பான பெருலாட்ஜ் 1732இலேயே அப்படியொன்றை வழங்கியது. அவர்களுக்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. சின்னங்கள் வரைந்த துணியை எந்த அறையிலும் விரித்துக் கூடலாம். எனவே அடையாளம் எதுவும் இல்லாத வீட்டிலும் கூட்டம் நடந்திருக்கலாம். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி, முன்னைய உரிமையாளர் யாரென்று முதலில் பாருங்கள்.