டீசரை வைத்து அடுத்த எஃப்ஆர்சி ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: மகள் இந்த வருஷம் பள்ளியின் எஃப்ஆர்சி ரோபாட்டிக்ஸ் அணியில் சேர்ந்திருக்கிறாள். ஜனவரியில் வரப்போகும் ஆட்டத்தைப் பற்றி டீசரும் பூடகமான குறிப்புகளும் வருகின்றன. அதை வைத்து இப்போதே பொருள் வாங்கித் தயாராகலாமா?

வாங்காதீர்கள். நான் மிச்சிகனில் ஒரு பள்ளி அணிக்கு ஏழு வருஷமாக மென்டராகப் போய்வருகிறேன். இதுவரை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்கூட ஆட்டத்தை முழுதாகச் சரியாகச் சொன்னதில்லை, என்னையும் சேர்த்து.

இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்கு: எஃப்ஆர்சி என்றால் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த ரோபோவோடு மோதும் போட்டி. இதை நடத்தும் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கினார். முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில் 28 அணிகளோடு நடந்தது. வருஷத்துக்கு ஒரு புது ஆட்டம். இந்தப் பக்கம் மூன்று ரோபோ, அந்தப் பக்கம் மூன்று ரோபோ, ஏறக்குறைய இரண்டரை நிமிஷம், அவ்வளவுதான் ஒரு மேட்ச். ஜனவரி முதல் வாரங்களில் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் கிக்ஆஃப். அன்றைக்குத்தான் ஆட்டம் என்னவென்று உலகத்துக்கே தெரியும்.

விதிப் புத்தகத்தை அதற்கு முன்பே பூட்டுப் போட்ட கோப்பாகக் கொடுத்துவிடுவார்கள். கிக்ஆஃப் நேரலை முடியும்போதுதான் அதன் கடவுச்சொல் திரையில் வரும். எங்கள் பிள்ளைகள் ஒரு வருஷம் அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தே பக்கம் எத்தனை, படம் எத்தனை என்று கணக்குப் போட்டு, "படம் நிறைய, அப்படியென்றால் களத்தில் நிறைய உயரமான அமைப்பு" என்று முடிவுகட்டினார்கள். சிரிக்காதீர்கள். டிசம்பரில் வெளியே பனி கொட்டும்போது இதைவிட முக்கியமான வேலை அவர்களுக்கு இல்லை.

இனி குறிப்புகள். சில மாதங்கள் முன்பே வருஷத்தின் பொதுக்கருவும் ஆட்டத்தின் பெயரும் வெளியாகிவிடும். 2024 ஆட்டத்தின் பெயர் கிரெசெண்டோ, கரு கலைகள். கிரெசெண்டோ என்றால் இசையில் சத்தம் மெல்ல மெல்ல ஏறுவது. உடனே எங்கள் வெள்ளைப் பலகையில் ஒரு பட்டியல் ஏறியது: நேரம் ஆக ஆகப் புள்ளி ஏறும், மேடை இருக்கும், டிரம் அடிக்க வேண்டும், திரைச்சீலையை ரோபோ இழுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்லைடு போட்டு அரை மணி நேரம் விளக்கினான்.

வந்தது என்ன தெரியுமா? ஆரஞ்சு நிற ஃபோம் வளையம். வெளிவிட்டம் 14 அங்குலம், நடுவில் 10 அங்குல ஓட்டை. அதற்கு நோட் என்று பெயர், ஸ்வரம் என்ற பொருளில். அதை ஸ்பீக்கர் என்ற உயரமான வாய்க்குள் எறிய வேண்டும். ஆம்ப் என்ற சின்ன இடைவெளியில் இரண்டு வளையம் போட்டால், அடுத்த பத்து விநாடிக்கு ஸ்பீக்கருக்குள் போகும் வளையத்துக்கு, அதிகபட்சம் நான்கு வரை, 2 புள்ளிக்குப் பதில் 5 புள்ளி. மேடை இருந்தது, கடைசியில் அங்கே தொங்கும் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். ஆகப் பட்டியலில் இரண்டு தேறியது: மேடை, ஒருவகையில் புள்ளி கூடுவது. ஆனால் அதை வைத்து டிசம்பரில் எந்த மோட்டாரை வாங்கியிருப்போம்? ரோபோவைத் தீர்மானித்தது அந்த வளையத்தின் வடிவமும் மென்மையும்தான். அதை ஒருவரும் பட்டியலில் எழுதவில்லை.

"ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான்" என்ற விடுகதைக்குச் செருப்பு என்ற ஒரே விடைதான் பொருந்தும், யோசித்தால் பிடித்துவிடலாம். இங்கே தருகிற குறிப்புக்கு இருபது விடை பொருந்தும். விடை வெளியான பிறகுதான் "அட, இதைத்தானே சொன்னார்கள்" என்று தோன்றும்.

மோசமாக ஏமாந்த கதை எங்கள் அணிக்கு முந்தைய தலைமுறையுடையது. மூத்த மென்டர் ஒருவர் 2009ஐப் பற்றி இன்னும் பேசுவார். அந்த வருஷ ஆட்டம் லூனசி, மனிதன் நிலவில் இறங்கி நாற்பது ஆண்டு ஆனதையொட்டி. வழக்கமான கார்ப்பெட்டுக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் தரை. எல்லா ரோபோவுக்கும் பிடிமானமே இல்லாத ஒரே வகைச் சக்கரம் கட்டாயம். ஒவ்வொரு ரோபோவின் பின்னாலும் ஒரு டிரெய்லர், அதற்குள் எதிரணி பந்து போடும். நிலவின் குறைந்த ஈர்ப்பில் வண்டி ஓட்டுவதுபோல எல்லாம் சறுக்கிக்கொண்டே போனதாம். இவரோ முந்தைய இலையுதிர் காலத்திலேயே நல்ல கரடுமுரடான ரப்பர் சக்கரமாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். பெட்டியை யாரும் அந்த வருஷம் பிரிக்கவே இல்லை.

சரி, எந்தக் குறிப்பிலும் சொல்லாமலே நமக்குத் தெரிந்தது நிறைய உண்டு. களம் ஏறக்குறைய 54 அடிக்கு 27 அடி. 12 வோல்ட் பேட்டரி. சுற்றிலும் பம்பர். ஆரம்பத்தில் ரோபோ தானாக ஓடும் 15, 20 விநாடி. கடைசி நொடிகளில் பெரும்பாலும் எதிலாவது ஏறுவது அல்லது தொங்குவது. இதெல்லாம் வருஷா வருஷம் பெரிதாக மாறாது. அதனால் வண்டியை ஒழுங்காக ஓட்டக் கற்பது, கம்பிகளை ஒழுங்காக இணைப்பது, தானியங்கிப் பகுதியின் நிரலை எழுதிப் பழகுவது, இவற்றில் போகும் நேரம் ஒருபோதும் வீணில்லை.

இன்னொன்று. டீசரைவிட, யாரும் படிக்காத சலிப்பான அறிவிப்புகளில்தான் நிஜமான செய்தி இருக்கும். 2023 ஆட்டத்துக்கு முன்பே, களத்தில் ஏப்ரல்டேக் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க கியூஆர் கோடு மாதிரி இருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரம் அது. கேமரா அதைப் பார்த்து, ரோபோ எங்கே நிற்கிறது என்று கணக்கிடும். எங்கள் அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் அதைப் படித்துவிட்டு, நவம்பரிலேயே பிரிண்ட் எடுத்து ஒர்க்‌ஷாப் சுவரெல்லாம் ஒட்டினாள். மற்றவர்கள் டீசரை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் கேமரா வேலை செய்த ஒரே காரணம் அவள்தான். அந்த ஆட்டத்தில் ரோபோ தூக்கி வைக்க வேண்டிய பொருளாகக் கூம்பும் கனசதுரமும் வரும் என்று டீசர் கோஷ்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தவிர, ஊகம் சரியாகவே இருந்தாலும் லாபம் குறைவு. கிக்ஆஃபுக்கு முன் நாமே செய்த பாகத்தை ரோபோவில் மாட்டப் பொதுவாக விதி அனுமதிக்காது. சில விலக்குகள் உண்டு, அவற்றை விதிப் புத்தகத்தில் பாருங்கள். கற்ற வித்தைதான் கூட வரும், செய்த சாமான் வராது.

தண்ணீர் ஆட்டம் பற்றிச் சொல்லாவிட்டால் மகள் உங்களைப் பார்த்துச் சிரிப்பாள். "இந்த முறை தண்ணீர்தான்" என்பது இந்த வட்டாரத்தில் வருஷா வருஷம் ஓடும் பழைய ஜோக். மூடாத மின் இணைப்புகளும் பேட்டரியும் வைத்த ஆறு ரோபோக்களைப் பள்ளி அரங்கத்தின் நடுவே தண்ணீரில் விடுவதை எந்தப் பள்ளி நிர்வாகமும் ஒப்பாது. இருந்தும் 2025க்கான கரு கடல், ஆட்டத்தின் பெயர் ரீஃப்ஸ்கேப் என்று வந்ததும் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரப் பந்தைப் பிடிக்கிற கை ஒன்றை இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தார்கள். வாளியில் பந்தை முக்கி முக்கிச் சோதித்ததில் தரை முழுக்க ஈரம், நான்தான் துடைத்தேன். கிக்ஆஃபில் வந்தது பவளம் என்ற பெயரில் 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டு. கூடவே பாசி என்ற பெயரில் 16 அங்குலப் பெரிய பந்து. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் அந்தக் கையில் பயன்படுத்திப் பார்த்த மெத்தென்ற பச்சை ரப்பர் சக்கரங்கள், பாசிப் பந்தைக் கவ்வ அப்படியே உதவின. அதை ஊகம் பலித்தது என்று சொல்லவா, அதிர்ஷ்டம் என்று சொல்லவா, தெரியவில்லை.

அதனால் மகளை ஊகிக்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள், கார்டை மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. கிக்ஆஃபுக்கு முந்தைய வாரம் ஆளுக்கொரு சீட்டில் ஊகத்தை எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு டேப் ஒட்டிவிடுவோம். சனிக்கிழமை மதியம் பீட்சா வருவதற்குள் பிரித்துப் படிப்போம். அதிகம் பொருந்திய சீட்டுக்கு முதல் துண்டு. என் மகன் நான்கு வருஷமும் ஒரே வார்த்தைதான் எழுதினான்: தண்ணீர். 2025இல் டப்பாவைப் பிரித்ததும், பவளமும் பாசியும் இருக்கிற இடத்தில் தண்ணீர் இல்லாமல் எப்படி இருக்கும், பாதி மதிப்பெண்ணாவது கொடுங்கள் என்று சண்டை போட்டான். கொடுக்கவில்லை.