இலவச ஆன்டிவைரஸ்: எதைப் போடலாம், எதை நீக்கலாம்?

கேள்வி: வீட்டில் 2019-ல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10. கடைக்காரர் அப்போது போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. தினமும் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து பணம் கட்டச் சொல்கிறது. நான் நெட் பேங்கிங்குக்கும் கரண்ட் பில் கட்டவும்தான் கம்ப்யூட்டரைத் தொடுகிறேன். மகள் கல்லூரி ப்ராஜெக்டை பென் டிரைவில் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பாள். மகன் கேம் டவுன்லோட் செய்வான். இலவச ஆன்டிவைரஸில் எது நல்லது? பத்திரத்துக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா? போனுக்கும் ஒன்று வேண்டுமா? (கரூர் வாசகர்)

பதில்: புதிதாக எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். பழையதை முதலில் நீக்குங்கள். விண்டோஸில் ஏற்கெனவே ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. வேறு கம்பெனியின் ஆன்டிவைரஸ் ஏறியதும் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். சந்தா முடிந்து செத்துப்போன ஆன்டிவைரஸ் கம்ப்யூட்டரில் கிடந்தால், அதுவும் வேலை செய்யாமல் டிஃபெண்டரும் திரும்ப வராமல் நிற்கிற நிலை சில கம்ப்யூட்டர்களில் உண்டு. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். அடம்பிடித்தால், நார்ட்டன், மெக்கஃபி போன்ற கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரை வேரோடு எடுப்பதற்கென்றே தனி நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. உங்களிடம் இருப்பது எந்தக் கம்பெனியுடையதோ, அந்தக் கம்பெனியின் தளத்திலேயே தேடி எடுங்கள். நீக்கியபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்தால் பச்சை டிக் தெரிய வேண்டும்.

ஒரு சந்தேகம். அந்தச் சிவப்புக் கட்டம் உண்மையிலேயே ஆன்டிவைரஸிலிருந்துதான் வருகிறதா? திரையின் வலது கீழ் மூலையில், குரோம் என்றோ ஏதோ ஒரு தளத்தின் பெயரோடோ வந்தால், அது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். எப்போதோ ஏதோ ஒரு தளம் கேட்டதற்கு ‘அலவ்’ என்று அழுத்தியிருப்பீர்கள். இப்போது அது பிரபல ஆன்டிவைரஸ் கம்பெனியின் பெயரைப் போட்டுப் பயமுறுத்திக் காசு பார்க்கிறது. குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அதோடு நின்றுவிடும். வைரஸ் என்று நினைத்து கடைக்குத் தூக்கிப்போகிற கம்ப்யூட்டர்களில் பல இந்த ரகம்தான்.

சரி, எந்த ஆன்டிவைரஸ்? உங்கள் வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். கடைக்காரர் ‘அது சும்மாங்க’ என்பார். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. மைக்ரோசாஃப்ட் 2009-ல் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ என்று தனியாக இலவசமாகக் கொடுத்தது, 2012-ல் விண்டோஸ் 8-ல் உள்ளேயே சேர்த்தது. 2013 வாக்கில் ஆன்டிவைரஸ் சோதனைகளில் அது கடைசி வரிசையில் இருந்தது. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் சில ஆண்டுகளாக அதில் முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ வாங்கி வருகிறது. பெட்டியில் விற்கிற ஆன்டிவைரஸில் கடைக்காரருக்கு லாபம் உண்டு, டிஃபெண்டரில் ஒரு பைசா கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. டிஃபெண்டரின் திறமையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டு முடிவு செய்வதில் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாத நேரத்தில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் பிராட்பேண்ட் எப்போதும் இருந்தால் கவலையில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் தேவைப்படும்போது மட்டும் நெட் இணைத்து, மற்ற நேரத்தில் பென் டிரைவ் செருகுகிற வீடு என்றால் ‘பிட்டிஃபெண்டர் ஃப்ரீ’ போடச் சொல்வேன். ருமேனிய நிறுவனம், சோதனைகளில் நல்ல பெயர், தொந்தரவு குறைவு. இன்னொரு குறை வேகம். உங்கள் டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும்போது கம்ப்யூட்டர் இழுக்கும். ஆன்டிவைரஸுக்குக் கட்ட நினைத்த பணத்தை எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள், பலன் கண்ணுக்குத் தெரியும்.

மற்ற இலவசப் பெயர்கள்: அவாஸ்ட், ஏவிஜி, அவிரா. மூன்றும் போட்டிக் கம்பெனிகள் மாதிரி தெரியும். ஆனால் 2016-ல் அவாஸ்ட் ஏவிஜியை வாங்கியது, 2021-ல் நார்ட்டன் அவிராவை வாங்கியது, 2022-ல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ‘ஜென் டிஜிட்டல்’ ஆனது. நான்கும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். வைரஸைப் பிடிப்பதில் இவை மோசமில்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டு எதில் சம்பாதிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தயக்கம். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலைச் சேர்த்து ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடியது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, அந்தத் தகவலை விளம்பரத்துக்கு விற்கத் தடையும் போட்டது. கண்காணிப்பைத் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் அந்த சாஃப்ட்வேரைக் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இப்போது அந்த வியாபாரம் இல்லை. ஆனாலும் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 43 பிரச்சினைகள், சரிசெய்ய அப்கிரேட் செய்யுங்கள்’ என்ற ரகத் தொல்லை இலவசப் பதிப்புகளில் தீராது. நெட் பேங்கிங் செய்கிற ஒருவருக்கு எது நிஜ எச்சரிக்கை, எது விற்பனை என்று குழப்புகிற சாஃப்ட்வேர் நல்லதல்ல.

காஸ்பர்ஸ்கி ஃப்ரீயும் திறமையானதுதான். ரஷ்ய நிறுவனம் என்பதால் 2024-ல் அமெரிக்கா அதன் விற்பனையையும் அப்டேட்டையும் தடை செய்தது. இந்தியாவில் அப்படித் தடை இல்லை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் காசு கொடுத்து வாங்குகிறவை. நாலைந்து பேர் உட்காருகிற கடை, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாங்கலாம். உங்கள் வீட்டுக்கு அவசியமில்லை.

இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். ஒரு ஃபைலைத் திறக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு சோதிக்கப் பார்க்கும். ஒன்றை மற்றொன்று வைரஸ் என்று சந்தேகிப்பதும் நடக்கும். கம்ப்யூட்டர் தொங்குவதுதான் மிச்சம். சந்தேகம் வரும்போது மட்டும் ஓட்டிப் பார்க்கிற ஸ்கேனர் வேறு விஷயம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, ட்ரையல் காலம் முடிந்ததும் அப்படித்தான் ஆகிவிடும்: நாம் சொன்னால் ஸ்கேன் செய்யும், மற்ற நேரம் சும்மா இருக்கும். அதை டிஃபெண்டரோடு வைத்துக்கொள்ளலாம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் ‘போட்’ வைரஸ்களை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும். தனி ஃபயர்வால் வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும்.

டிஃபெண்டரில் மூன்று இடத்தைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, ‘ரியல்-டைம்’, ‘கிளவுட்’, ‘டேம்பர்’ என்று தொடங்கும் மூன்று பாதுகாப்புகளும் ஆன் ஆக இருக்க வேண்டும். ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கிற வசதி இருக்கிறது. ஃப்ரீ சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், ‘ஸ்பீட் பூஸ்டர்’ குப்பைகளை அதுதான் நிறுத்தும். மூன்றாவது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸைத் தடுக்கிற ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’. இதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால், தெரியாத எந்த சாஃப்ட்வேரும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. சில நல்ல சாஃப்ட்வேரையும் தடுத்து எரிச்சல் மூட்டும். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தால் சில நாளில் அடங்கிவிடும். பிடிவாதமான வைரஸ் இருப்பதாகத் தோன்றினால் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் ஆகும்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது விண்டோஸ் 10 என்ற வரி. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஆன்டிவைரஸ் உள்ளே வருகிறவனைப் பிடிக்கும். விண்டோஸில் இருக்கிற ஓட்டையை அடைக்காது. 2017-ல் வானாக்ரை ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியது மே 12-ல். அது புகுந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. அதற்கு யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதே இல்லை, நெட்வொர்க் வழியாகத் தானே பரவியது.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியா என்பதை ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கமே சொல்லும். தகுதி இருந்தால் இலவசமாக மாறிவிடலாம். இல்லையென்றால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு பிரவுசர் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மகன். கேமை அதன் சொந்தத் தளத்திலோ ஸ்டீம் போன்ற கடையிலோ எடுத்தால் பிரச்சினை இல்லை. காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டு உடைத்த ‘கிராக்’ என்றால் பிரச்சினை. அந்தத் தளங்களில் ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று எழுதியிருக்கும். பையன் ஆஃப் செய்வான். அத்தோடு நான் மேலே சொன்ன எல்லாம் வீண். வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கிய ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் பரவியது முக்கியமாக இப்படித்தான். போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் பூட்டிக்கொள்ளும். ‘நோ மோர் ரான்சம்’ என்று 2016-ல் ஐரோப்பியக் காவல் அமைப்பும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து தொடங்கிய தளத்தில் சிலவற்றுக்கு இலவசச் சாவி கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கிடைக்காது. அவனுக்கென்று அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும். முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடையில் போட்டுத் தந்த விண்டோஸே கிராக் என்றால் இதே கதைதான், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் கடை பென் டிரைவ் நம்மூருக்கே உரிய தலைவலி. திரும்பி வந்ததும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஃபைல் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை மட்டும் இரட்டை கிளிக் செய்யக் கூடாது; வைரஸ் உள்ளே ஏறுவது அந்தக் கிளிக்கில்தான். பென் டிரைவை ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். பிரிண்ட் எடுக்கப் போகும்போது பிடிஎஃப் ஒன்றை மட்டும் காலி பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, வந்ததும் ஃபார்மட் செய்துவிடுவது இன்னும் நல்லது. கடைக்காரரின் மெயிலுக்கு அனுப்பினால் பென் டிரைவே வேண்டாம்.

போனுக்குத் தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ‘பிளே புரொடெக்ட்’ ஆன் ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று சொல்லி ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல்) வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதை இன்ஸ்டால் செய்தால் ஓடிபி எஸ்எம்எஸ் எல்லாம் திருடனுக்குப் போகும். தவறி இன்ஸ்டால் செய்துவிட்டால் உடனே போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு அக்கவுண்டை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு.