லாரி ஓட்டுநரின் தூக்கம்

அன்புள்ள ஐயா,

தினமும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று, அன்றாட ஒழுங்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு நீடாமங்கலம் பக்கம். பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறேன். நெல் சீசனில் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு லோடு. மற்ற மாதங்களில் ஓசூர், பெங்களூர் தாண்டி மகாராஷ்டிரம் வரை போவேன். பகலெல்லாம் வண்டி வரிசையில் நிற்கும். சாயங்காலம் லோடு இறங்கியதும், "விடியறதுக்குள்ள அங்க போய் நிக்கணும்" என்று முதலாளி போன் செய்வார். இதில் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது? வீட்டுக்கு வந்தாலும் தூங்கியே பொழுது போகிறது. ஐந்து வயது மகள் என்னிடம் ஒட்டுவதே இல்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு ஓட்டுநர்

அன்புள்ள தம்பி,

உங்கள் பொழுது மூட்டை இறக்குபவர், எடைமேடை, மழை, முதலாளி என்று பலர் கையில் இருக்கிறது. ஆகவே மணிவாரியாக அட்டவணை போட வேண்டாம். தூக்கத்தை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஓட்டமும் சாப்பாடும் அதற்குப் பிறகுதான்.

வரிசையில் நிற்பதை எல்லோரும் ஓய்வு என்றே கணக்கு வைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். குறுவை அறுவடை முடிகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். தூறல் விழுந்தால் இறக்குவது நிற்கும், தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும், முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் நீங்களும் நகர வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லையே தவிர, அதுவும் வேலைதான். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு வண்டியை எடுத்தால், பதினேழு மணி நேரம் விழித்திருந்த உடம்போடு எடுக்கிறார். அந்த நிலையில் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரைப் போல மந்தமாகிவிடும். குடித்துவிட்டு ஓட்டினால் நம் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே பிடிக்கிறது. தூக்கத்துக்கு ஊதிப் பார்க்கும் கருவி இல்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்திருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எட்டு மணி நேரக் கணக்கை முதலாளியிடம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சட்டத்தை விட, "வண்டி கவிழ்ந்தால் லோடும் போகும்" என்றால்தான் அவருக்கு உடனே உறைக்கும் என்று நினைக்கிறேன்.

வரிசையில் நிற்கும்போது பின்வண்டிக்காரரோடு பேசி, இரண்டு வண்டியையும் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் இரண்டு மணி நேரமாவது படுக்கலாம். செல்போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். படம் பார்த்தே அந்த நேரம் போய்விடும். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், அந்த நேரத்தில் ஓட்டாமல் இருக்க முடிந்த மட்டும் பாருங்கள். கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் போதாது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் படுங்கள். டீ வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழுந்ததும் உடனே கிளம்பாமல் இறங்கி நாலு எட்டு நடந்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இதெல்லாம் அந்த இரவை ஒப்பேற்றத்தான். முழுத் தூக்கத்தின் கடன் அப்படியே நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டவில்லை. இரவில் பரோட்டாவைக் குறைத்து இட்லிக்கு வாருங்கள், தண்ணீர் குடிக்கப் பயப்படாதீர்கள்.

மகள் விஷயம். ஊருக்கு வந்த முதல் நாள் நீங்கள் தூங்கத்தான் வேண்டும், அதில் குற்றவுணர்வு வேண்டாம். இரண்டாம் நாள் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். வெளியில் இருக்கும்போது காலைப் பலகாரத்துக்கு வண்டியை நிறுத்தியதும் தினமும் கூப்பிடுங்கள். ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் பேச வேண்டாம். கேமராவைத் திருப்பி, எந்த ஊர், பக்கத்து வண்டியில் என்ன லோடு என்று காட்டுங்கள். ஐந்து வயதுக் குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.